இலையைப் படம் பிடித்தால் போதுமா?

நோர்வூட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கெஹெல்கமு ஓயாவின் கரையில் ஒரு மரம் நின்றது. சென்ற ஓகஸ்ட் விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீடு போனபோது அடிமரம் மட்டும் இருந்தது. கிளைகள் மின்கம்பியில் உரசுகின்றன என்று வெட்டிவிட்டார்களாம். காற்றும் மழையும் சேர்ந்தால் எங்கள் ஊரில் மரம் விழுந்து கூரை போவது புதிதல்ல. அதனால் வெட்டியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் என் மேல்தான். பதினேழு வருடம் அந்த மரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரு வாய்ப்பையும் பத்து வினாடியில் முடித்துவிட்டேன்.

அது ஏப்ரல் விடுமுறையில் நடந்தது. இலையைக் காட்டினால் மரத்தின் பெயர் சொல்லும் செயலி ஒன்றை நானா தன் கைத்தொலைபேசியில் இறக்கியிருந்தார். நான் ஓடிப்போய் ஆற்றங்கரை மரத்தில் ஓர் இலையைப் பறித்து, சீமெந்துத் திண்ணையில் வைத்துப் படம் எடுத்தேன். மூன்று பெயர்கள் வந்தன. முதலாவது தென் அமெரிக்காவில் வளரும் ஒரு மரம். இரண்டாவது ஒரு நாவல் இனம். மூன்றாவது ஆலமரத்தின் உறவு. முதல் பெயருக்கே நூற்றுக்கு முப்பது அளவில்தான் நம்பிக்கை போட்டிருந்தது. நான் அந்த முதல் பெயரைக் கொப்பியில் எழுதினேன். இலையை வீசிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது பலருடைய கைகளில் இந்தச் செயலிகள் இருக்கின்றன. "தொலைபேசியே சொல்லிவிடுகிறதே, பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?" என்று சில மாணவிகள் கேட்கிறார்கள். "இதுவும் தொலைபேசியைக் கையில் வைத்திருக்க ஒரு சாட்டு" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை. செயலி நல்ல கருவிதான். ஆனால் முதலில் மரத்தை நம் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகுதான் தொலைபேசியை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

முதலில் செயலி செய்த ஒரு நன்மையைச் சொல்கிறேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி கற்பிட்டிப் பக்கத்தைச் சேர்ந்தவள். ஒருநாள் சவுக்கு மரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "சவுக்கு இலை ஊசி மாதிரி இருக்கும். கடற்கரையில்தான் வளரும்" என்றாள் அவள். "இல்லை, சவுக்கு இலை பன்னம் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். அடிப்பக்கம் வெள்ளி நிறம். தேயிலைக்கு நிழலுக்கு நடுவார்கள்" என்றேன் நான். அரை மணி நேரம் சண்டை. விடுமுறை முடிந்து வரும்போது இருவரும் ஆளுக்கொரு படத்தோடு வந்தோம். செயலி இரண்டு வெவ்வேறு பெயர்களைத் தந்தது. அவளுடையது கசுவாரினா ஈக்விசெட்டிபோலியா. என்னுடையது கிரெவில்லியா ரொபஸ்டா, ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த மரம். தமிழில் இரண்டுக்கும் சவுக்கு என்றே பெயர். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம், ஆனால் வேறு வேறு மரங்களைப் பற்றி. உயிரியலில் இருசொற் பெயரீடு ஏன் வேண்டும் என்பது பாடத்தில் புரிந்ததைவிட அந்த இரவில் நன்றாகப் புரிந்தது.

இலையை மட்டும் வைத்துத் தொலைவிலிருந்து மரத்துக்குப் பெயர் சொல்வது புதிய வேலையும் அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் போல் ஹெர்மன் என்ற மருத்துவர் 1670களில் நம் நாட்டில் இருந்தார். இங்குள்ள செடிகளையும் இலைகளையும் உலர்த்தி, அழுத்தி, தாள்களில் ஒட்டிச் சேர்த்தார். அந்தத் தொகுப்பு பல கைகள் மாறி, இருசொற் பெயரீட்டை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸிடம் போனது. அவர் அதை வைத்து 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததே இல்லை. ஆனால் அவர் கையில் இருந்தது ஒற்றை இலை அல்ல. கிளையோடும் பூவோடும் சேர்த்து உலர்த்திய மாதிரிகள். இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

தொலைபேசியில் இந்த வேலையைச் செய்த முன்னோடிச் செயலிகளில் ஒன்று லீஃப்ஸ்னாப். கொலம்பியா, மேரிலாந்து பல்கலைக்கழகங்களும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சேர்ந்து 2011இல் அதை வெளியிட்டன. வெள்ளைப் பின்னணியில் ஓர் இலையை வைத்துப் படம் எடுத்தால், அதன் விளிம்பின் வளைவுகளை அளந்து ஒப்பிட்டுப் பார்க்கும். அதற்குத் தெரிந்தவை அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியின் 180 சொச்ச மரங்கள்தான். பிறகு 2013இல் பிரான்ஸின் ஆய்வு நிறுவனங்கள் பிளான்ட்நெட் செயலியைத் தந்தன. 2008இல் அமெரிக்க மாணவர்களின் முதுமாணிப் பட்ட வேலையாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் இன்று உலகெங்கும் பாவிக்கப்படுகிறது.

இன்றைய செயலிகள் விளிம்பை மட்டும் அளப்பதில்லை. இன்ன மரம் என்று மனிதர்கள் பெயர் குறித்த இலட்சக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள். நாம் புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், தான் முன்பு பார்த்தவற்றில் எதைப் போல இருக்கிறது என்று அது சொல்கிறது. பலவற்றில் நாம் நிற்கும் இடத்தையும் கணக்கில் எடுக்கும் வசதி உண்டு. அதாவது, யாராவது படம் எடுத்துப் பெயர் சொல்லியிருந்தால்தான் அதற்கு அந்த மரம் தெரியும். படமே இல்லாத மரத்தைக் காட்டினால், தெரிந்தவற்றில் ஒன்றின் பெயரையே சொல்லும்.

இதை நம் மலைநாட்டில் வைத்துப் பாருங்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் வரும் வீதியில் கண்ணில் படுபவை எவை? தேயிலை, சவுக்கு, யூகலிப்டஸ், சைப்பிரஸ், அக்கேசியா. அனேகமாக எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தேயிலையைப் பயிரிட்டது நமக்குத் தெரியும். அதற்கு முன்பு கோப்பிக்காகவும் பின்பு தேயிலைக்காகவும் இந்த மலைகளின் காடு அழிக்கப்பட்டது. உலகின் பல நாடுகளிலும் வளர்வதால் இந்த வெளிநாட்டு மரங்களுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. செயலி அவற்றைத் தயங்காமல் சொல்லும். அழிந்த காட்டின் மிச்சமாக ஆற்றோரங்களிலும் பள்ளங்களிலும் ஒதுங்கி நிற்கும் நம் சொந்த மரங்களிடம் வரும்போதுதான் தடுமாறும். இலங்கையின் இயற்கையான பூக்கும் தாவரங்கள் 3,000க்கும் மேல். ஏறக்குறைய நான்கில் ஒன்று உலகில் வேறெங்கும் இல்லை. நமக்கு எங்கே உதவி அதிகம் தேவையோ, அங்கேதான் செயலிக்கு அறிவு குறைவு.

இலையும் சில நேரம் ஏமாற்றும். பலாக் கன்றின் இலையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஆழமான வெட்டுகள் இருக்கும். வளர்ந்த பலாவின் இலையில் வெட்டே இருக்காது. கன்றின் இலையை மட்டும் பார்த்தால் ஈரப்பலா என்று நினைக்கத் தோன்றும். யூகலிப்டஸ் இனங்கள் பலவற்றின் இளம் இலை வட்டமாக, நீலச் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். முதிர்ந்த இலை அரிவாள்போல் நீளும். மலைநாட்டில் வளரும் அக்கேசியாவில் ஓர் இனத்தின் கன்றில் புளிய இலைபோல் சிற்றிலைகள் இருக்கும். வளர்ந்த பின் இலையாகத் தெரிவது உண்மையில் தட்டையாக விரிந்த காம்பு. கற்பிட்டிக்காரியின் சவுக்கு ஊசிகூட இலை அல்ல, அது மெல்லிய கிளை. அதன் கணுக்களில் சுற்றியுள்ள சின்னஞ்சிறு செதில்கள்தான் இலைகள். இவ்வளவும் தெரியாமல் கைக்கு எட்டிய ஒன்றைப் பறித்துப் படம் பிடித்தால், பிழை செயலியில் இல்லை.

ஓகஸ்டில் அடிமரத்தைப் பார்த்த பிறகு, விடுதிக்குத் திரும்பியதும் உயிரியல் டீச்சரிடம் என் படத்தைக் காட்டினேன். அவர் உடனே பெயர் சொல்லவில்லை, கேள்விகளைத்தான் கேட்டார். "இலைகள் கிளையில் எதிரெதிராக இருந்தனவா, மாறி மாறி இருந்தனவா? கசக்கினால் மணம் வந்ததா? காம்பை ஒடித்தால் பால் வடிந்ததா? பட்டை எப்படி? கீழே பூவோ காயோ கிடந்ததா?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்படியென்றால் நீ மரத்தைப் பார்க்கவில்லை மகள், தொலைபேசியைத்தான் பார்த்திருக்கிறாய்" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு வீட்டுக்குப் பேசும்போது உம்மும்மாவிடம் கேட்டேன். ஒரு நிமிடம்கூட அவர் யோசிக்கவில்லை. "அது காட்டு நாவல் மகள். எலையக் கசக்கினா ஒரு வாசம் வரும். எல ரெண்டு ரெண்டா சோடியா இருக்கும். மலைக்குப் போற சீசன்ல பூக்கும், வெள்ளப் பூ, நூல் நூலா. பழத்தத் தின்டா நாக்கு நீலமாகும். இத்தன நாள் ஏன் கேக்கல்ல?"

பாவா ஆதம் மலைக்கு யாத்திரிகர்கள் போகும் டிசம்பர் முதல் மே வரையான காலத்தைத்தான் அவர் சீசன் என்றார். அந்த மாதங்களில் மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்கள் இரவெல்லாம் எங்கள் ஊரைக் கடந்துபோகும். உம்மும்மாவுக்கு அதுதான் நாட்காட்டி. டீச்சர் கேட்ட கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு, பாடசாலையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் உம்மும்மாவிடம் பதில் இருந்தது.

அதை டீச்சரிடம் சொன்னேன். எதிரெதிர் இலை, கசக்கினால் மணம், நூல்போன்ற வெண்பூ, நீலம் பூசும் பழம் என்றால் நாவல் குடும்பமாகத்தான் இருக்கும் என்றார். கொய்யா, ஜம்பு, கராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் அந்தக் குடும்பமே. அவற்றின் இலைகளைக் கசக்கி முகர்ந்தால் உறவு தெரியும். தொலைபேசிக்கு மூக்கு இல்லை. என் செயலி இரண்டாவதாகச் சொன்னதும் நாவல்தான். நான் எழுதி வைத்தது முதலாவதை.

ஆனால் நாவலில் எந்த இனம்? நம் நாட்டில் நாவல் பேரினத்தில் பல இனங்கள் உள்ளன. அவற்றில் பல வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. பூவும் காயும் இல்லாமல் ஒற்றை இலைப் படத்தை வைத்து எந்த இனம் என்று முடிவு சொல்ல முடியாது என்றார் டீச்சர். சாதாரணமான மரமாக இருக்கலாம், அரிய மரமாகவும் இருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் இன்னும் பத்து நிமிடம் அந்த மரத்தடியில் நின்றிருந்தால் தெரிந்திருக்கலாம்.

"ஒரு மரத்தின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு கம்பஹா மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே தரலுவ என்னும் இடத்தில் ஒரு மரம் நின்றது. 2019இல் தாவரவியலாளர்கள் அது குரூடியா செய்லானிக்கா என்று கண்டறிந்தார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, இலங்கைக்கே உரிய மரம். 1911க்குப் பிறகு யாரும் பார்த்ததாகப் பதிவில்லாததால், 2012இல் வெளியான தேசியச் செம்பட்டியலில் அழிந்துபோன இனமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2021இல் அதிவேக வீதிக்காக அந்த மரத்தை வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊர் மக்களும் மதகுருமாரும் சூழலியலாளர்களும் எதிர்த்து நின்றார்கள். நாடே ஒரு மரத்தைப் பற்றிப் பேசியது. 2019க்கு முன்பும் அதே மரம் அதே இடத்தில்தான் நின்றது. அப்போது வெட்டியிருந்தால் அது வெறும் விறகு. பெயர் தெரிந்த பின்தான் அதற்காகப் பேச ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடித்தது செயலி அல்ல, மரத்தைத் தேடிப் பார்த்துப் பழகிய மனிதர்கள்.

பெற்றோருக்கும் சில வார்த்தைகள். பிள்ளை தொலைபேசியோடு அறைக்குள் இருப்பதைவிட, தொலைபேசியோடு மரத்தடியில் நிற்பது நல்லது. உங்கள் கவலையும் நியாயமானது. இந்தச் செயலிகள் பலவற்றில் படம் எடுத்த இடமும் சேர்ந்து பதியப்படும். வீட்டு வளவில் எடுத்த படத்தை அப்படியே பொதுவில் போடுவது பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பல்ல. ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அவர்களே தரும் ஸீக் செயலிக்குக் கணக்குத் திறக்கவே தேவையில்லை. தடுப்பதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள். முடிந்தால் கூடவே வெளியே வாருங்கள். செயலிக்குத் தெரியாத மரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று மிக முக்கியம். செயலி சொன்ன பெயரை நம்பி எந்த இலையையும் காயையும் சமைக்கவோ, கஷாயம் வைக்கவோ கூடாது. மலைநாட்டு வேலியோரங்களில் எக்காளம்போல் தொங்கும் பெரிய பூச்செடியைப் பார்த்திருப்பீர்கள். ஊமத்தையின் நெருங்கிய உறவான அது இலை முதல் விதை வரை நஞ்சு. படத்துக்குப் பெயர் பிழைத்தால் அழித்து எழுதலாம். வயிற்றுக்குள் போனதை அப்படி அழிக்க முடியாது.

என் யோசனைகள் இவைதான். மரத்தடியில் தொலைபேசியை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நிற்போம். இலை அடுக்கு, மணம், பால், பட்டை, பூ, காய் ஆகிய ஆறையும் கொப்பியில் குறிப்போம். பிறகு ஒரு படம் போதாது. கிளையோடு ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, பட்டை ஒன்று, பூவோ காயோ இருந்தால் அதுவும் ஒன்று எடுப்போம். செயலி தரும் முதல் பெயரோடு நின்றுவிடாமல் எல்லாப் பெயர்களையும் நம் குறிப்போடு ஒப்பிடுவோம். கடைசியாக, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்போம்.

நம் கல்லூரியாலும் ஒன்று செய்ய முடியும். வளவிலுள்ள மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைக்கலாம். விஞ்ஞானப் பெயர், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர் மூன்றும் அதில் இருக்கட்டும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலிலேயே சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்திருக்கிறார். நூற்றிமுப்பது வருடங்களுக்கு முன்பு ஓர் ஆங்கிலேயர் செய்ததை நாம் செய்யக்கூடாதா? விடுதியில் நாங்கள் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறோம். ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊர் மரம் ஒன்றின் படங்களையும், அதை ஊரார் அழைக்கும் பெயரையும் கொண்டுவந்தால் ஒரு வருடத்தில் எவ்வளவு சேரும்! ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றில் தமிழ்ப் பெயர்களை நாமே சேர்க்கவும் முடியும். செயலிக்கு நம் மரம் தெரியவில்லை என்று குறை சொல்வதைவிட, அதற்குக் கற்றுக்கொடுப்பது மேல்.

அல்லாஹ் ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்களைக் கற்றுக்கொடுத்த செய்தியை ஸூரா அல்பகராவில் ஓதியிருக்கிறோம். மனிதனுக்குக் கிடைத்த முதல் பாடமே பெயர்கள்தான். அந்தப் பாடத்தை நாம் முழுவதுமாகத் தொலைபேசியிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

சென்ற விடுமுறையில் நானும் உம்மும்மாவும் ஒரு கொப்பி தொடங்கினோம். அவர் சொல்ல நான் எழுதுகிறேன். மரத்தின் பெயர், எங்கே நிற்கிறது, எப்போது பூக்கும், எதற்கு உதவும் என்று இதுவரை பதினாறு மரங்கள் ஆகியிருக்கின்றன. முதல் பக்கத்தில் காட்டு நாவல். அதன் விஞ்ஞானப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன், அந்த இடம் இனி நிரம்பாது. மற்றப் பதினைந்து மரங்களும் இன்னும் நிற்கின்றன. இந்த முறை இலையை மட்டும் படம் பிடித்துவிட்டு வீட்டுக்குள் போகமாட்டேன்.